ரிச்சி தெரு கேள்வி பதில்: அந்தப் பழைய கேம் பாயில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: பீரோவை ஒழிக்கும்போது, சின்ன வயதில் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த கேம் பாய், அதாவது கையில் வைத்து ஆடும் வீடியோ கேம், கிடைத்தது. சூப்பர் மேரியோ லேண்ட் விளையாட்டுக் கேசட்டும் அதிலேயே இருந்தது. என் பத்து வயது மகன் போனில் கலர் கலராக எத்தனையோ விளையாடுபவன். இப்போது இதைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறான். அவனுக்கு இதில் என்ன பிடித்தது? திரையில் வேறு நெட்டுக்குத்தாக நாலைந்து கோடு விட்டுப்போயிருக்கிறது. சரிசெய்ய முடியுமா?
வாசகி, நங்கநல்லூர்

பதில்: அவன் பள்ளிக்கூடம் போனதும் நீங்களே அதைக் கையில் எடுங்கள். ஏ பட்டனைத் தொட்டுவிட்டு விரலை எடுத்தால் மேரியோ சின்னதாக ஒரு குதி குதிப்பான். அழுத்திப் பிடித்தால் உயரப் போவான். பி பட்டனைப் பிடித்தபடி ஓடிவந்து தாவினால் இன்னும் தூரம். ஐந்து நிமிடம் போதும், எந்தப் பள்ளத்துக்கு எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கட்டைவிரலுக்கே தெரிந்துவிடும். பள்ளத்தில் விழுந்தாலும் ஏன் விழுந்தோம் என்பது அந்த நொடியே தெரியும்: கொஞ்சம் முந்திவிட்டோம், அல்லது பிந்திவிட்டோம். அடுத்த தடவை திருத்திக்கொள்ளலாம். உங்கள் மகனைப் பிடித்து வைத்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். பாண்டி ஆடும் பிள்ளைகள் கட்டம் தாண்டும்போது காலில் வரும் அதே கணக்கு.

எனக்கு இது கிடைத்தது 1993ல், பதின்மூன்று வயதில். மந்தைவெளியில் மூன்றாவது மாடி வீடு. கேம் பாய் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. கரண்ட் போனால் டிவி கேம் நின்றுவிடும். இது ஓடும், ஆனால் இருட்டில் ஒன்றும் தெரியாது. அதனால் சாயங்காலம் நாலு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். அந்த வெயிலில் திரை பளிச்சென்று தெரியும், அச்சடித்த காகிதம் மாதிரி. இன்றைய போனை அதே வெயிலில் பிடித்துப் பாருங்கள், உங்கள் முகம்தான் தெரியும்.

நாலு பேட்டரி வேண்டும். சார்ஜ் இறங்க இறங்க, திரைக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்பு விளக்கு மங்கும். அம்மா அந்தப் பேட்டரிகளை எடுத்துச் சுவர்க் கடிகாரத்தில் போடுவாள். அதில் இன்னும் பல மாதம் ஓடும். நான் அவற்றை மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வெயிலில் காயவைத்து, இன்னும் ஒரே ஒரு லெவல் ஆடிவிட முடியுமா என்று பார்ப்பேன்.

கேம் பாயை 1989ல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தில் செய்தது கும்பெய் யோகோயின் குழு. புதுசாக, விலை அதிகமாக வந்திருக்கும் பாகத்தைவிட, நன்றாகப் பழகி மலிவாகிவிட்ட பாகத்தை வைத்துப் புதிதாக ஒன்றை யோசிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அடுத்த வருடமே போட்டி நிறுவனமான சேகாவின் கேம் கியர் கலர் திரையோடு, விளக்கோடு வந்தது. ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும்.

கேம் பாய் திரையில் அகலத்தில் 160 புள்ளி, உயரத்தில் 144. நிறச் சாயல் நாலே நாலு. வேகமாக நகரும் எதுவும் அதில் இழுத்த மை மாதிரி கலங்கும். சூப்பர் மேரியோ லேண்டின் பின்னணி பெரும்பாலும் வெறுமையாக இருப்பதைப் பாருங்கள். சின்ன மேரியோ, எதிரே வரும் ஆமை, ஒரு குழாய், அவ்வளவுதான். கண் எங்கே பார்க்க வேண்டும் என்று தடுமாறாது. நம் வீட்டு வாசலில் நாலு இழையில் போடும் கோலத்துக்கு இருக்கும் தெளிவு அதற்கு உண்டு. போன் விளையாட்டுகளில் எனக்குக் கிடைக்காதது இந்தத் தெளிவு.

அந்த ஆமையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டிவியில் ஆடிய மேரியோவில் ஆமை மேல் குதித்தால் ஓடு கிடக்கும், உதைத்துத் தள்ளலாம். அதே பழக்கத்தில் இங்கே குதித்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். ஓடு வெடித்தது! யாரும் சொல்லித் தரவில்லை, திரையில் எங்கும் எழுதியும் இல்லை. அடுத்த ஆமை வந்தபோது குதித்ததும் ஓடிவிட்டேன்.

மொத்தம் பன்னிரண்டு லெவல்தான். நடுவில் சேமிக்க வழியில்லை. அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. கை பழகியவர் தாம்பரத்தில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷன் வருவதற்குள் முடித்துவிடலாம். கையில் வைத்து ஆடும் விளையாட்டுக்கு இந்த அளவு மிகச் சரி. ஒரு பயணத்துக்குள் தொடக்கமும் முடிவும் வந்துவிடுகின்றன, நாளைக்கு வா என்று அது பையனைக் கூப்பிடாது.

சரி, கோடு. அது பெரிய கோளாறு இல்லை. திரையின் கீழ் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய ரிப்பன் ஒயரில் பிடிப்பு விட்டிருக்கும். கருவியைத் திறந்து, ஓடும்போதே, மிதமான சூட்டில் சால்டரிங் அயர்னை அந்த விளிம்பில் மெதுவாக நகர்த்தினால் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். ரிப்பேர் கடையில் நான் தினமும் செய்கிற வேலைதான், ஆனாலும் அது திரும்பி வருவதைப் பார்க்க இன்னும் ஆசையாக இருக்கிறது. வீட்டில் முயல வேண்டாம், சூடு கூடினால் ரிப்பன் கருகிவிடும். பின்பக்க ஸ்க்ரூவும் மூன்று கால் வகை, சாதாரண டிரைவர் சேராது. பேட்டரி இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் மட்டும், பேட்டரியைக் கழற்றிவிட்டு, பஞ்சில் துளி வினிகர் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். கேசட்டை வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் பித்தளை நிறக் கால்களை அரிக்கும்.

கேள்வி: ஆறு வயதுப் பேத்திக்கு இந்த மாதிரி விளையாட்டில் எது முதலில்?
வாசகர், பெரம்பூர்

பதில்: 1992ல் வந்த கிர்பீஸ் ட்ரீம் லேண்ட். இதுவும் கேம் பாய்க்குத்தான். புதிதாக ஆடுபவர்களுக்காகவே மசாஹிரோ சகுராய் வடிவமைத்தது. லெவல் ஐந்துதான். அதில் நாம் ஆட்டுவிக்கும் கிர்பி காற்றை உறிஞ்சி உப்பி மிதக்கும், அதனால் பள்ளம் வந்தாலும் குழந்தை பயப்படாமல் தாண்டும். முதல் நாள் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், பட்டனை மட்டும் நீங்கள் வாங்கி அழுத்திவிடாதீர்கள் ஐயா.