ஃபார்மட் செய்தும் பழைய படங்கள் திரும்ப வரும் 64 ஜிபி கார்டு

64 ஜிபி மெமரி கார்டை ஃபார்மட் செய்தும் பழைய படங்கள் திரும்ப வருகின்றன, கேமராவில் அடிக்கடி ஃபார்மட் செய்ததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது காரணமில்லை. சாதாரண ஃபார்மட், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் கோப்பு அட்டவணையை மட்டும்தான் புதிதாக எழுதும். 64 ஜிபியில் அது சில எம்பிதான். விண்டோஸில் ‘குவிக் ஃபார்மட்’ டிக்கை எடுத்துவிட்டுச் செய்தால் கதை வேறு. கார்டு முழுக்கப் பூஜ்யம் எழுதப்படும், கார்டு தாங்கக்கூடிய அழித்து எழுதும் சுற்றுகளில் ஒரு முழுச் சுற்று செலவாகும். அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம்.

ஃபார்மட் முடிந்ததாகக் காட்டிவிட்டு, கழற்றிப் போட்டதும் பழைய படங்கள் அப்படியே இருக்கின்றன என்கிறீர்களே, அதுதான் முக்கியமான அறிகுறி. எழுதி எழுதித் தேய்ந்த பிளாக்குகளுக்கு (தரவு சேமிக்கும் பகுதிகளுக்கு) மாற்றாக ஒதுக்கியவையும் தீர்ந்துபோனால், கார்டை இயக்கும் உள் சிப்பான கன்ட்ரோலர் எழுதுவதை நிறுத்திவிடும். படிக்க மட்டும் விடும். அந்த நிலைக்கு வந்த கார்டை எந்த மென்பொருளும் சரிசெய்யாது.

உறுதி செய்ய:

1. முதலில் படங்களை எல்லாம் கணினிக்கு நகலெடுங்கள்.
2. வேறொரு கார்டு ரீடரில் போட்டு, எஸ்டி கார்டுகளுக்கான தரத்தை வகுக்கும் எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் மெமரி கார்டு ஃபார்மட்டரால் ஃபார்மட் செய்யுங்கள். கழற்றி மறுபடி செருகிப் பாருங்கள். படங்கள் இன்னும் இருந்தால் கார்டு முடிந்தது.
3. காலியாகிவிட்டால், கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற மென்பொருளை ஓட்டுங்கள். நொடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். ஒரே ஒரு பிழை வந்தாலும் கல்யாண ஷூட்டுக்கு அதை எடுத்துப் போகாதீர்கள்.

வாரண்டிக்குக் கொடுக்கும் முன் யோசியுங்கள்: எழுத முடியாத கார்டில் படங்களை அழிக்கவும் முடியாது, வாரண்டிக்காக அதைப் பெற்றுக்கொள்பவர் எல்லாவற்றையும் பார்க்கலாம்.