கானின் பட்டயமும் மாஸ்கோவின் பணப்பையும்

கேள்வி: மங்கோலியருக்கு அடங்கியிருந்த ரஷ்யாவில், சிறிய ஊரான மாஸ்கோவின் இளவரசர் இவான் கலீத்தா மற்றவர்களை மிஞ்சி உயர்ந்தது எப்படி? அவரைத் துரோகி என்பதா, ராஜதந்திரி என்பதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அக்கால ரஷ்யாவில் இளவரசர்களுள் முதல்வருக்குரிய ‘விளாதிமிர் நகரின் பெரும் இளவரசர்’ என்ற பட்டம் பிறப்பால் மட்டும் வந்துவிடாது. வோல்கா ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்த சராய் நகருக்கு நேரில் சென்று, தங்க நாடோடிக் கூட்டம் எனப்படும் மங்கோலிய அரசின் கானைப் பணிந்து, ‘யார்லிக்’ என்ற பட்டயத்தைப் பெற்று வர வேண்டும். அதைப் பெறுவதில் மாஸ்கோவுக்கும் த்வேர் நகருக்கும் தீராப் பகை இருந்தது. த்வேரின் இளவரசர் மிகயீல் 1318-இல் கானின் ஆணைப்படி கொல்லப்பட்டார். அவருடைய மகன் திமீத்ரி, அதற்குக் காரணமானவர் என்று கருதிய இவானின் அண்ணன் யூரியை 1325-இல் சராயிலேயே வெட்டிக் கொன்று, மறு ஆண்டு தாமும் உயிரிழந்தார். இந்த இரத்தத்துக்கு நடுவே, யூரி இறந்ததும் இவான் மாஸ்கோவின் ஆட்சிக்கு வந்தார்.

அவருக்குத் திருப்புமுனையாக அமைந்தது 1327-ஆம் ஆண்டு. கானின் உறவினரான சோல்கான் த்வேரில் தங்கி மக்களை வாட்டி வந்தார். ஆகஸ்ட் 15 அன்று காலையில், துத்கோ என்ற தேவாலயத் திருத்தொண்டர் (டீக்கன்) தம் இளம் பெட்டைக் குதிரையை வோல்காவில் தண்ணீர் காட்ட ஓட்டிச் சென்றபோது தாத்தார் (ரஷ்யர்கள் மங்கோலியரை அழைத்த பெயர்) வீரர்கள் அதைப் பறித்தார்கள் என்றும், அவருடைய கூக்குரல் கேட்டு ஊரே திரண்டது என்றும் த்வேரின் வரலாற்றுக் குறிப்பேடு கூறுகிறது. சோல்கானும் அவருடைய ஆட்களும் அன்று மடிந்தனர். இவான் சராய்க்கு விரைந்து, அன்றைய கானான உஸ்பெக் கொடுத்த பெரும்படையோடு அந்தக் குளிர்காலத்திலேயே திரும்பி வந்து த்வேரைச் சூறையாடினார். 1328-இல் பெரும் இளவரசுப் பதவியில் பாதி அவருக்குக் கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்ட சூஸ்தல் இளவரசர் இறந்ததும் முழுவதும் அவர் கைக்கு வந்தது.

பதவியோடு பல இளவரசர்களின் கப்பத்தைத் திரட்டிக் கானிடம் செலுத்தும் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. ‘கலீத்தா’ என்றால் பணப்பை. அந்தப் பெயர் அவருக்கு நன்றாகவே பொருந்தியது. தவணை தவறாமல் வெள்ளி வந்து சேர்ந்ததால் கானின் படைகள் மாஸ்கோ மண்ணை மிதிக்கவில்லை; அந்த அமைதியை நாடிப் பிற பகுதி மக்கள் அங்கே குடியேறினர். ரஷ்யத் திருச்சபையின் தலைமை ஆயர் பியோத்தர் வாழ்நாளின் இறுதியில் மாஸ்கோவில் தங்கி 1326-இல் அங்கேயே அடக்கமானதும், அவருக்குப் பின் வந்தவரும் அங்கேயே அமர்ந்ததும், வாளால் பெற முடியாத மதிப்பை அந்த ஊருக்குத் தந்தன.

துரோகி என்ற ஒற்றைச் சொல்லில் அவரை அடக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கானை எதிர்க்கும் வலிமை அன்று எந்த ரஷ்ய இளவரசரிடமும் இல்லை. ஆனால் மாஸ்கோ பெற்ற அமைதிக்கு த்வேரின் மக்கள் விலை கொடுத்தார்கள் என்பதை மறைத்து அவரைப் புகழ்வதை என்னால் ஏற்க இயலாது. 1339-இல் த்வேரின் இளவரசர் அலெக்சாந்தரும் அவருடைய மகனும் சராயில் கொல்லப்பட்ட பின், அந்நகரத்துப் பேராலய மணியைக் கூட இவான் இறக்கி மாஸ்கோவுக்குக் கொண்டு வந்தார்.

அவருடைய உயில் இன்றும் இருக்கிறது. பொற்சங்கிலிகளையும் இடைக்கச்சைகளையும் ஊர்களையும் பிள்ளைகளுக்குப் பங்கிட்டு, பொன் தொப்பியை மூத்த மகன் சிமியோனுக்கு எழுதிவைத்த அதே உயிலில், தம் பாவங்களின் காரணமாகத் தாத்தார்கள் சில பகுதிகளைப் பறித்துக்கொண்டால், எஞ்சியவற்றை மீண்டும் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளுமாறும் அவர் சொல்லியிருக்கிறார்.