கொம்பு ஏன் பின்னால் போய் நிற்கிறது?

கேள்வி: சிற்றிதழ் ஒன்றுக்கு இன்டிசைனில் பக்கம் வடிவமைக்கிறேன். ‘செய்தி’ என்று அடித்தால் கொம்பு ‘ச’வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. சரிசெய்தாலும் அடுத்த இதழில் மறுபடி வந்துவிடுகிறது. செட்டிங்ஸை அழித்துவிட்டு, திரும்ப இன்ஸ்டால் செய்தும் பார்த்துவிட்டேன். நிரந்தரமாக என்னதான் வழி?

பதில்: முதலில் அந்த அழிக்கிற வேலையை நிறுத்துங்கள். கோளாறு திரும்பி வருவதில் அதற்கும் பங்கு உண்டு.

இன்று கணினிகளில் பொதுவாக உள்ள எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘செ’ என்பது முதலில் ‘ச’, அப்புறம் எகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் இழுத்து வைப்பது, திரையில் எழுத்தைக் காட்டும் நிரலின் வேலை. இன்டிசைனில் இதைச் செய்வது கம்போசர். வழக்கமாக வருகிற ‘அடோபி பேராகிராஃப் கம்போசர்’ ஆங்கிலம் போன்ற மொழிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. தமிழின் இந்த இடமாற்றம் அதற்குத் தெரியாது. ‘கு’, ‘து’ போன்றவை ஒட்டாமல் உடைந்து நிற்பதும் இதனால்தான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பையே தனியாக முதலில் அடித்துவிடுவதால் இந்தச் சிக்கல் இல்லை. ‘பழசே தேவலை’ என்று பல அச்சகங்களில் இன்னும் சொல்வார்கள். ஆனால் அப்படிச் செய்த பிடிஎஃப்பில் யூனிகோடு தமிழில் அடித்து ஒரு சொல்லைத் தேடக்கூட முடியாது.

உங்களுக்குத் தேவை ‘அடோபி வேர்ல்டு ரெடி பேராகிராஃப் கம்போசர்’. 2012இல் வந்த இன்டிசைன் சிஎஸ்6 பதிப்பு முதல் இந்திய மொழிகளுக்கு இது கிடைக்கிறது. பேராகிராஃப் பேனலின் மெனுவில் இருக்கும்.

நீங்கள் தவறவிடுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். பத்தியைத் தேர்ந்தெடுத்து கம்போசரை மாற்றினால் அந்தப் பத்தி மட்டும் சரியாகும். பேராகிராஃப் ஸ்டைலில், அதாவது பத்திகளுக்கென்று சேமித்து வைத்த அமைப்பில், பழைய கம்போசரே இருக்கும். போன இதழின் ஃபைலைக் காப்பி எடுத்துத்தானே அடுத்த இதழைத் தொடங்குவீர்கள்? கோளாறும் கூடவே வந்துவிடும். ஒவ்வொரு ஸ்டைலையும் திறந்து, ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் கம்போசரை மாற்றுங்கள். தலைப்பு, படக்குறிப்பு, அட்டவணை, பக்க எண் ஸ்டைல்களை விட்டுவிடாதீர்கள்; பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்து, எல்லா ஃபைல்களையும் மூடிவிட்டு, எதுவும் திறந்திராத நிலையில் பேராகிராஃப் பேனலில் அதே கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இனி தொடங்கும் புதிய ஃபைல்களுக்கு அதுவே இயல்பாக வரும். செட்டிங்ஸை அழித்தால் போவது இதுதான். நீங்கள் மருந்து என்று நினைத்துச் செய்தது, பழைய கம்போசரை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: கம்போசர் மாறினால் வரிகள் உடையும் இடமும் மாறும். முடிந்துபோன பக்கங்களில் கடைசி வரி ஃபிரேமுக்கு (எழுத்து இருக்கும் பெட்டிக்கு) வெளியே போயிருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரே ஒரு ஃபைல் மட்டும் முரண்டு பிடித்தால், அப்போது அது ஃபைலின் கோளாறாக இருக்கலாம். ஐடிஎம்எல் (பழைய பதிப்புகளிலும் திறக்கக்கூடிய இன்டிசைன் ஃபைல் வகை) வடிவில் சேமித்து, அதைத் திறந்து, புதுப் பெயரில் வையுங்கள். உள்ளே சேர்ந்த குப்பை பலமுறை இதிலேயே போய்விடும். எனக்குக் கைகொடுக்கும் முதல் வைத்தியம் இதுதான்.

இதழ் பாதியில் இருக்கும்போது அப்டேட் மட்டும் செய்யாதீர்கள். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு வைத்திருக்கும் அச்சகத்தில் நேரடியாகத் திறக்க முடியாது. அவர்களுக்கும் ஐடிஎம்எல்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.