மன்னிப்புக் கடிதம் எழுதித் தரலாமா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் கிடங்கில் 11 ஆண்டுகளாக எழுத்தராக வேலை பார்க்கிறேன். ஜனவரி 17 இரவு நான் நான்கு மூட்டை காப்பியை ஜீப்பில் ஏற்றி வெளியே அனுப்பியதைக் கண்ணால் பார்த்ததாக, உடன் வேலை செய்யும் ஒருவர் மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். கணக்கிலும் எடை குறைகிறதாம். அன்றிரவு நான் சேலம் அரசு மருத்துவமனையில் அம்மாவுக்குத் துணையாக இருந்தேன். மெமோவுக்கு ‘குற்றச்சாட்டு பொய்’ என்று ஒரே வரியில் பதில் கொடுத்தேன். இப்போது பணியிடை நீக்கத்தில் இருக்கிறேன். அடுத்த மாதம் உள்விசாரணை. ‘தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்கவும் என்று எழுதிக் கொடுத்தால் வேலைக்குத் திரும்பிவிடலாம்’ என்கிறார்கள். எழுதித் தரலாமா? அவர் மீது மானநஷ்ட வழக்குப் போடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஏற்காடு

பதில்: எழுதித் தராதீர்கள். உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் செய்யாத தவற்றுக்கு மன்னிப்புக் கேட்டு நீங்கள் கையெழுத்திடும் அந்தத் தாள், நாளைக்கு ஒப்புதல் வாக்குமூலமாக உங்கள் கோப்பில் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு தொழிலாளர் நீதிமன்றம் வரை போனாலும், ‘வற்புறுத்தி வாங்கினார்கள்’ என்று மெய்ப்பிக்கும் பாரம் உங்கள் தலையில்தான் விழும்.

உங்கள் ஒரு வரிப் பதில் பொய்யில்லை, ஆனால் போதாது. உள்விசாரணையில் குற்றவியல் நீதிமன்றம் கேட்பதுபோல் ஐயத்துக்கு இடமில்லாத சாட்சியம் தேவையில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று விசாரணை அதிகாரிக்குத் தோன்றினாலே போதும். ஆகவே விசாரணை தொடங்குவதற்கு முன்பே விரிவான கூடுதல் விளக்கம் ஒன்றைக் கொடுத்து, நகலில் தேதியோடு பெறுகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் உடனிருப்பவருக்குத் தரும் அனுமதிச் சீட்டும், சேலத்துக்கு இறங்கிய பேருந்துச் சீட்டும் இருந்தால் அவற்றின் நகலை மட்டும் இணையுங்கள்; மூலம் உங்களிடமே இருக்கட்டும். அம்மாவின் சிகிச்சைச் சீட்டு அவர் அங்கே இருந்ததைத்தான் காட்டும், நீங்கள் இருந்ததைக் காட்டாது. அதே வார்டில் இருந்த வேறு நோயாளியின் உறவினர் யாராவது சாட்சி சொல்ல முன்வந்தால் பெரிய பலம்.

எடைக் குறைவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்; எனக்கு அதுதான் முக்கியமாகத் தோன்றுகிறது. குறைகிறது என்றால் எந்த எடையிலிருந்து எந்த எடை குறைகிறது என்று கேளுங்கள். பல்பர் இயந்திரத்தில் பழத்தின் தோலுரித்துக் கழுவிய ஈரப் பார்ச்மென்ட்டில், அதாவது உள்ளோடு நீங்காத காப்பிக் கொட்டையில், ஏறத்தாழப் பாதி நீர்தான். களத்தில் காய்ந்து ஈரப்பதம் பத்துப் பதினோரு சதவீதத்துக்கு வரும்போது, 100 கிலோ சுமார் 55 கிலோவாகிவிடும். இதில் களவு எதுவும் இல்லை. ஈர எடையை எழுதிய புத்தகத்தையும் உலர் எடையை எழுதிய புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தெந்தத் தேதியில், எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று கேளுங்கள். பனி மூடிய வாரத்தில் மூட்டை ஈரம் இழுத்துக் கனத்திருக்கவும் கூடும்; அப்போது நிறுத்த எடையோடு ஒப்பிட்டால் பிறகு நிறுத்தது குறைவாகத் தெரியும். ஜீப்பின் லாக் புத்தகம், வாயில் கேட் பாஸ், இரவுக் காவலரின் பதிவேடு ஆகிய மூன்றின் நகலையும் எழுத்துமூலம் கோருங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பையும் விசாரணைக் குறிப்பில் பதியச் செய்யுங்கள்.

புகார் கொடுத்தவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அவரைக் குறுக்கு விசாரணை செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார், அப்போது விளக்கு எரிந்ததா, ஜீப்பை ஓட்டியவர் யார், ஏன் அன்றே சொல்லவில்லை என்று நிதானமாகக் கேளுங்கள். அவருக்கு உங்கள் மேல் என்ன பொறாமை என்று ஆராயப் போகாதீர்கள். கவனம் மூட்டைகளை விட்டு உங்கள் பழைய சண்டைக்குப் போய்விடும். உதவிக்கு உடன் வேலை செய்பவர் ஒருவரை அனுமதிக்குமாறு கேளுங்கள். நடவடிக்கைக் குறிப்பு உங்களுக்குப் புரியும் தமிழில் இருந்தால் மட்டும், முழுதாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

பணியிடை நீக்கக் காலத்தில் முதல் 90 நாட்களுக்கு ஊதியத்தில் பாதி பிழைப்பூதியமாகக் கிடைக்க வேண்டும். உங்களால் தாமதம் ஏற்படாத வரை, அதற்குமேல் நீடித்தால் விகிதம் உயரும். வரவில்லையென்றால் சேலத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

மானநஷ்ட வழக்கைத் தள்ளி வையுங்கள். அவதூறுக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு வழியுண்டு. ஆனால் அதிகாரம் உள்ள மேலதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு சொல்லும் புகாருக்கு விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. அவர் தெரிந்தே பொய் சொன்னார் என்று விசாரணையில் வெளிவந்த பின் அதை யோசிக்கலாம்.

இருவரும் ஒரே குடியிருப்பு வரிசையில் இருப்பவர்களாக இருந்தால், விசாரணை முடியும் வரை அவரோடு தனியாகப் பேசுவதைத் தவிர்த்துவிடுங்கள். டீக்கடையில் நீங்கள் ஆத்திரத்தில் சொல்லும் ஒரு வார்த்தை, சாட்சியை மிரட்டியதாக இரண்டாவது மெமோவாக வரக்கூடும்.