சென்னையில் இருக்கிறேன். ஜோடி சேர்த்தும் என் பெண் கேனரி கூடு கட்டவில்லை. ஹார்மோன் மருந்து கொடுக்கலாமா?

கொடுக்கவே கொடுக்காதீர்கள். சென்னை என்று எழுதியிருக்கிறீர்கள். கூண்டு வீட்டுக்குள் இருக்கும், வாங்கிய அன்றே இரண்டையும் ஒன்றாக விட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் வெளிச்சம். பகல் நீள்வதை மண்டையோட்டைத் தாண்டி வரும் ஒளியைக் கொண்டு மூளையே உணர்கிறது. அதன் பிறகுதான் சினைப்பை வளர்ந்து ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறும். சென்னையில் ஜூனில்கூட பகல் 13 மணி நேரத்தை எட்டாது. 6 வாரம் திரை போட்டு 10 மணி நேர வெளிச்சத்தில் வையுங்கள். பிறகு வாரத்துக்கு அரை மணி கூட்டி 14 மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். கூடுதல் வெளிச்சத்தை விடியலுக்கு முன் கொடுங்கள். இரவில் பட்டென்று விளக்கு அணைந்தால், அடையிலிருந்து எழுந்த பறவை கூட்டுக்குத் திரும்ப முடியாமல் முட்டை குளிர்ந்துவிடும்.

ஆணைக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் விடுங்கள். பாட்டு காதில் விழுந்தால் போதும். பலவகையாகப் பாடும் பாட்டைக் கேட்ட பெண் கேனரிகள் வேகமாகக் கூடு கட்டி, அதிக முட்டையும் இட்டதைப் பறவைப் பாட்டு ஆய்வாளர் டொனால்ட் குரூட்ஸ்மா 1976இல் காட்டினார். பெண் பறவை கூட்டுக்கான சணல் நாரைத் தூக்கிக்கொண்டு அலைய, ஆண் வலை வழியே ஊட்டத் தொடங்கிய பிறகே தடுப்பை எடுங்கள். அவசரப்பட்டால் சண்டைதான்.

பலர் கோட்டைவிடுவது கூட்டில். 10 செ.மீ. கிண்ணம் வையுங்கள். சணல் நாரை 5 செ.மீ. அளவுக்கு வெட்டிப் போடுங்கள்; நீளமாக இருந்தால் காலில் சுற்றும். பறவையின் வயிற்றில் ஊதிப் பாருங்கள். இறகு உதிர்ந்து, தோல் சிவந்து, ரத்தநாளம் தெரிந்தால் ஈஸ்ட்ரோஜனும், அடைகாக்கத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டினும் வேலை செய்கின்றன. அந்த வெறும் தோலில் தொடு உணர்வு கூடுவதால் பெண் பறவை சணலை விட்டு இறகைத் தேடும். அப்போது இறகும் பஞ்சும் கொடுங்கள். கூட்டில் உடம்பு படும் உணர்வே முட்டையிடுவதையும் முடுக்குகிறது என்பது விலங்கு நடத்தை ஆய்வாளர் ராபர்ட் ஹைண்ட் கேம்பிரிட்ஜில் கேனரிகளை வைத்தே கண்டறிந்தது.

கால்சியத்துக்காகக் கணவாய் மீனின் ஓடு ஒன்றை முன்கூட்டியே கூண்டில் வையுங்கள். முட்டை ஓட்டுக்கான கால்சியத்தை ஈஸ்ட்ரோஜன் எலும்புக்குள் சேர்த்து வைக்கும். பறவை கூண்டுத் தரையில் சிலிர்த்து உட்கார்ந்து முக்கினால் முட்டை சிக்கியிருக்கலாம். 30 டிகிரி சூட்டில் வைத்து உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பிதுக்காதீர்கள், முட்டை உள்ளே உடைந்தால் உயிரே போய்விடும்.

‘எங்கள் வீட்டில் விளக்கே இல்லாமல் குஞ்சு பொரித்ததே’ என்பவர்களுக்கு: பொரிக்கும், மறுக்கவில்லை. இது கட்டாத பறவைக்கான பதில்.

ஹார்மோன் என்றதும் ஒரு ஆத்திரம் வருகிறது. பெண் கேனரிக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொடுத்தால் பாடும்; பாட்டுக்கான மூளைப் பகுதி ஒன்று 90 விழுக்காடு பெரிதாவதைப் பறவை மூளை ஆய்வாளர் ஃபெர்னாண்டோ நோட்டபோம் 1980இல் அளந்தார். இதைப் பிடித்துக்கொண்டு பெண்ணைப் பாட வைத்து ஆண் விலைக்கு விற்பவர்கள் உண்டு. மருந்தின் வேகம் அடங்கியதும் பாட்டும் அடங்கிவிடும். இறகு உதிர்க்கும் காலமாக இல்லாமலே உங்கள் ‘ஆண்’ பாட்டை நிறுத்தியிருந்தால், உங்களிடம் இருப்பது இரண்டு பெண்களாக இருக்கலாம். நாலைந்து இறகைப் பிடுங்கி டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும்.