சுவரில் ஒரு மண்கூடு: குளவி பற்றிய கேள்வி பதில்

கேள்வி (ஜெலுத்தோங்): ஐயா, வீட்டின் பின்புறம் துணி காயப்போடும் இடத்தில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. கலைத்தால் ஆகாது, வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது என்கிறார் மாமியார். துடைப்பம் பட்டு ஓர் ஓரம் உடைந்துவிட்டது. உள்ளே ஏழெட்டுச் சிலந்திகள் செத்துக் கிடந்தன. குளவிக் கூட்டில் சிலந்திக்கு என்ன வேலை?

பதில்: அவற்றில் பெரும்பாலானவை சாகவில்லை, அம்மா. ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து உற்றுப் பாருங்கள். சில சமயம் கால் நுனி இலேசாக அசையும். தாய்க்குளவியின் கொடுக்கு நஞ்சு சிலந்தியை முடக்குமே தவிர, உடனே உயிரைப் போக்காது. செத்த இரை பினாங்குப் புழுக்கத்தில் சீக்கிரமே அழுகிவிடும். முடங்கிய இரை பல நாள் கெடாது. தாய்க்குளவி கூட்டின் ஓர் அறை நிறையச் சிலந்திகளை அடுக்கி, ஒன்றின் மேல் முட்டையிட்டு, ஈரமண்ணால் வாயை அடைத்துவிட்டு அடுத்த அறையைத் தொடங்கும். முட்டையிலிருந்து வரும் புழு சிலந்திகளை ஒவ்வொன்றாகத் தின்று வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, பிறகு மண்ணைக் கடித்துத் துளைத்து வெளியேறும். பெற்ற தாயை அது பார்ப்பதே இல்லை.

மாமியார் சொன்னதில் பாதி சரி. பிள்ளை பிறக்கப்போவது உண்மை. யார் வீட்டில் என்பதுதான் குழப்பம்.

கேள்வி (பட்டர்வொர்த்): கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் சொன்னார். குளவி பச்சைப் புழுவைத் தூக்கிப் போவதை நானே கண்டிருக்கிறேன். அது பொய்யா?

பதில்: நீங்கள் கண்டது உண்மை. ஆனால் அது வேறு குளவி. சிறு பானை வடிவில் கூடு செய்வது, புழுக்களை வேட்டையாடுவது. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. மூடிய கூட்டுக்குள் நடப்பதைப் பாராதவர்கள் வேறென்ன முடிவுக்கு வருவார்கள்? முன்னோரைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. இடையில் இருக்கும் முட்டை மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. அந்த முட்டையைக் கூட்டின் உட்கூரையிலிருந்து மெல்லிய இழையில் தொங்கவிட்ட பிறகுதான் தாய் புழு தேடப் புறப்படும். குருவின் அருளால் சீடன் உயர்வதற்கு உவமையாகச் சொல்லப்படும் அந்தப் புழு, பாவம், குளவிக் குஞ்சின் சாப்பாடு.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): உயிரோடு வைத்துத் தின்பதா? இதைப் படித்ததிலிருந்து குளவியைக் கண்டாலே அருவருப்பாக இருக்கிறது.

பதில்: உங்களுக்குத் துணையாக டார்வினே இருக்கிறார். உயிருள்ள புழுக்களின் உடலுக்குள் இருந்து தின்னும் ஒட்டுண்ணிக் குளவிகளைக் கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என, 1860இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு அவர் எழுதினார். ஆனால் உங்கள் சுவரில் கூடு கட்டும் தாய்க்குளவியின் உணவு பெரும்பாலும் பூந்தேன்தான். அவ்வளவு வேட்டையும் பிள்ளைக்கு. சிலந்தியும் தன் இரையை நஞ்சால் முடக்கித்தான் தின்கிறது. அதற்காக நாம் யாரும் கண்ணீர் விட்டதில்லையே!

கேள்வி (பாயான் லெப்பாஸ்): சுவரில் மண்கூடு இருக்கும் இடத்தில்தான் பேரன் விளையாடுகிறான். குளவி கொட்டாதா?

பதில்: கையில் பிடித்து நசுக்கினால் கொட்டும், மற்றபடி பயமில்லை. தனித்து வாழும் குளவி கூட்டைக் காக்கப் படை திரட்டுவதில்லை. மரத்திலோ கூரை முகட்டிலோ காகிதம் போன்ற பெரிய கூடு தொங்கினால் அது கூட்டமாக வாழும் பெரிய குளவி, மலாயில் தெபுவான். நெருங்காதீர்கள், கல் எறியாதீர்கள், அவசர எண் 999க்குச் சொல்லுங்கள்.

கேள்வி (பாலிக் புலாவ்): செமுட் சார்லி கடித்துத் தோல் கொப்பளித்துவிட்டது. குளவி இல்லைதான், இருந்தாலும் கேட்கிறேன்.

பதில்: செமுட் என்றால் மலாயில் எறும்பு; ஆனால் அது எறும்பும் அல்ல, கடிக்கவும் இல்லை. வண்டு. நசுக்கும்போது வெளிவரும் பெடெரின் என்னும் நஞ்சுதான் தோலைப் புண்ணாக்குகிறது. அடிக்காமல் ஊதித் தள்ளுங்கள். பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வயலில் நெற்பயிரின் பூச்சிகளைத் தின்பதும் இதுவேதான்.

கேள்வி (சுங்கை டுவா): எங்கள் கார் நிறுத்துமிடத்தில் பழைய மண்கூடு இருக்கிறது. காலியா என்று எப்படி அறிவது?

பதில்: ஒவ்வோர் அறையிலும் வட்டத் துளை தெரிந்தால் காலி, தாராளமாகச் சுரண்டலாம். விட்டுவைத்தால் வேறு சிறு குளவிகளோ தனித்து வாழும் தேனீக்களோ வாடகையின்றிக் குடியேறும். சம்மதம் என்றால் சுரண்டவே வேண்டாம்.