கையால் கட்டிய தூண்டில் கோலில் பெயரையும் கையாலேயே எழுத வேண்டுமா?

"தூண்டில் கோல் கட்டப் பழகி வருகிறேன். கைப்பிடிக்கு மேலே என் பெயரைக் கையால் எழுதுவதா, அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டுவதா? தமிழில் எழுதினால் கோலின் மதிப்பு குறையும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மூன்று கோல்களை முடித்து, நரம்பு ஓடும் வளையங்களை நூல் சுற்றிப் பிணைப்பதில் கை ஓரளவு பழகி, கடைசியில் மிஞ்சும் அந்த நான்கு அங்குல வெற்றிடத்தின் முன் தயங்கி நிற்பவராக உங்களை எண்ணிக்கொள்கிறேன். அதே இடத்தில் நானும் பல நாள் நின்றிருக்கிறேன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

கையால் எழுதுங்கள். தமிழில் எழுத மனமிருந்தால் தமிழிலேயே எழுதுங்கள். ஸ்டிக்கர் ஒட்டுபவர்களை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதம் முப்பது நாற்பது கோல் கட்டிக் குடும்பம் நடத்துபவருக்கு ஸ்டிக்கர்தான் கட்டுப்படியாகும். நீங்கள் கேட்பது ஒவ்வொரு கோலையும் வாரக்கணக்கில் மடியில் வைத்துக் கட்டுபவரின் கேள்வி.

நான் பினாங்கில் கெலுகோரில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை; மாலையிலும் வார இறுதியிலும் வீட்டின் பின்கட்டில் கோல் கட்டுகிறேன். என் அப்பா பெயர்ப்பலகை எழுதியவர். லெபோ பசார் மளிகைக் கடைகளுக்குத் தமிழிலும், லோரிக் கதவுகளில் முதலாளியின் பெயர், வெற்று எடை, பாரத்தோடு எடை என்று மலாயிலும் எழுதிக் கொடுத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். ஒவ்வொரு பலகையின் வலது கீழ் மூலையிலும், இருப்பதிலேயே மெல்லிய தூரிகையால், அரிசி அளவில் தம் பெயரை எழுதுவார். அது எதற்கு என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். "ஆறு மாசத்துல பெயிண்ட் உரிஞ்சா, யார்கிட்ட வந்து கேக்கறதுன்னு கடைக்காரருக்குத் தெரியணும்ல" என்றார். கோலில் எழுதும் பெயரையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

உங்கள் கேள்வி என்னைத் தொட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் ஒரு கடைக்கு ஆறு கோல்கள் கட்டிக் கொடுத்தேன். எல்லாம் கொடுவா மீனுக்கான ஏழடிக் கோல்கள். ஒவ்வொன்றிலும் என் பெயர், வரிசை எண், ஆண்டு, கோலின் நீளம், அது தாங்கும் நரம்பின் அளவு ஆகியவற்றை வெள்ளை மையால் எழுதியிருந்தேன். பேசிய பணத்தை ஒரு ரிங்கிட் குறையாமல் கொடுத்தார்கள். அதில் எனக்கு மனக்குறை இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, சுங்கை பட்டாணியிலிருந்து ஓர் இளைஞர், வளையம் ஒன்று ஆட்டம் கண்ட கோலோடு நண்பர் சொல்லி என்னிடம் வந்தார். கைப்பிடிக்கு மேல் நீலமும் பொன்னிறமுமாக அகலமான நூல் சுற்று. அதன் நடுவே அந்தக் கடையின் ஸ்டிக்கர். ஆனால் தூண்டில் முள்ளை மாட்டிவைக்கும் கொக்கியின் அடியில் மூன்று சுற்றுச் சிவப்பு நூல் இருந்தது. அது நான் ஒவ்வொரு கோலிலும் விடும் அடையாளம்.

வளையத்தைச் சரிசெய்த பிறகு அவரிடம் அனுமதி கேட்டு, அந்த நீலச் சுற்றையும் தலைமுடி உலர்த்தியால் சூடாக்கினேன். நூலின் மேல் பூசும் எப்பாக்சிப் பிசின் சூட்டில் இளகும். இளகியதும் நூலின் மேல் மட்டும் பிளேடால் கீறி உரித்துவிடலாம். உரித்தபோது உள்ளே என் பெயர் இருந்தது. ஓர் எழுத்தின் காலில் மட்டும் கீறல். மற்றவை எழுதிய அன்று போலவே இருந்தன. "அண்ணே, இது உங்க கையா?" என்று அந்த இளைஞர் கேட்டார். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காசு வாங்கிய பிறகு கோல் கடைக்காரருடையது, அதில் அவர் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று சிலர் வாதிடுவார்கள். ஒட்டட்டும். என் பெயருக்கு மேலே ஒரு சாண் இடம் காலியாகத்தான் இருந்தது. எனக்கு ஆறாதது இதுதான்: வளையம் ஆடத் தொடங்கியதும் அந்த இளைஞர் முதலில் கடைக்குத்தான் போயிருக்கிறார். பழுது பார்ப்பதில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். கட்டியவர் யார் என்று தெரியாமல் எட்டு மாதம் அந்தக் கோலை மூலையில் சாத்தி வைத்திருக்கிறார். என் பெயர் வெளியே தெரிந்திருந்தால் மறுவாரமே என்னைத் தேடிப் பிடித்திருப்பார். அன்றிலிருந்து கடைகளுக்குக் கட்டிக் கொடுப்பதில்லை.

இனி எழுதும் முறை. கோலில் கைப்பட்ட எண்ணெய்ப்பசை இருந்தால் மை திரளும். மேலே பூசும் எப்பாக்சியும் அங்கங்கே விலகிக் குழி விழும். ஐசோபுரோபில் ஆல்கஹால் கொண்டு துடையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர் என்பதால் 99 சதவீதம் தேடி வாங்குவது நல்லது. பிறகு எழுதப்போகும் இடத்தில் எப்பாக்சியை மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். இந்த அடிப்பூச்சுதான் உங்களுக்குக் காப்பு. எழுத்து பிசகினால் கோலுக்குச் சேதமில்லாமல் துடைத்துவிட்டு மீண்டும் எழுதலாம். பளபளப்பின் மேல் மை நிற்காது. ஆகவே மிக மெல்லிய உரசு பஞ்சால் ஒருமுறை தேய்த்துக்கொள்ளுங்கள். மேல்பூச்சு வந்ததும் அந்தக் கீறல்கள் மறைந்துவிடும்.

பிளந்த மூங்கிலில் கோல் செய்த பழைய கைவினைஞர்கள் கறுப்பு இந்தியன் மையால் எழுதி வார்னிஷ் பூசினார்கள். நம் கார்பன் கோல்கள் கறுப்பு என்பதால் வெள்ளையோ பொன்னிறமோ தேவைப்படுகிறது. அக்ரிலிக் மையும், தொட்டெழுதும் கூர்மையான நிப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். பெயிண்ட் மார்க்கர் வேண்டாம் என்று என் கோல் ஒன்றைக் கெடுத்துக்கொண்ட பிறகு சொல்கிறேன். எண்ணெய் அடிப்படையிலான பொன்னிற மார்க்கரால் எழுதி, தொட்டால் ஒட்டவில்லை என்று நம்பி, ஒரு மணி நேரத்தில் எப்பாக்சி பூசினேன். எப்பாக்சி வழியாமல் காய்வதற்காக மோட்டாரில் கோல் சுழலச் சுழல எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கரைந்து, பொன்னிறப் புகை போலக் கோலைச் சுற்றிப் பரவின. ஆல்கஹாலால் முழுவதையும் துடைத்தெடுக்கையில் இரவு இரண்டு மணி.

பினாங்கின் ஈரக்காற்றும் ஓர் எதிரி. எப்பாக்சியின் இரு திரவங்களையும் ஊசிக்குழலில் சரியான அளவில் எடுத்துக் கலந்தாலும், காற்றில் ஈரம் மிகுந்தால் கடினமாக்கும் திரவத்திலுள்ள அமீன், ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, மேலே பிசுபிசுப்பான மங்கலான படலமாக ஆகிவிடும். எழுத்து பனிமூட்டத்துக்குள் இருப்பது போலத் தெரியும். மழை பெய்யும் மாலைகளில் நான் மேல்பூச்சைத் தொடுவதே இல்லை.

தமிழுக்கு வருகிறேன். நிப்பு தன்னை நோக்கி இழுத்தால் வழுக்கி வரும். எதிர்த்துத் தள்ளினால் சிக்கும், மை தெறிக்கும். ஓலையில் நேர்கோடு கிழித்தால் ஓலை பிளக்கும் என்பதால்தான் நம் எழுத்துகள் வளைந்தன என்று சொல்வார்கள்; அந்த வளைவுகள் எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன. தாளில் எழுதுவது போல 'ண'வை ஒரே இழுப்பில் எழுத முயன்றால் பாதியில் நிற்கும். அப்பா தூரிகையால் செய்தது போல, ஒவ்வொரு வளைவையும் தனித்தனியாக மேலிருந்து கீழே இழுத்து, நிப்பை எடுத்து, அடுத்ததைத் தொடங்க வேண்டும். சுண்டுவிரலைக் கோலுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டையில் ஊன்றிக்கொள்ளுங்கள். புள்ளியை நிப்பால் வைத்தால் சொட்டாக விழும். நான் குண்டூசி முனையால் வைக்கிறேன்.

இன்னொரு சிக்கல் உயரம். நிபோங் திபாலில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். கிரியான் ஆற்றில் உடாங் காலா, அதாவது பெரிய ஆற்று இறால், பிடிக்கும் குட்டைக் கோல் வேண்டும், அதில் பேத்தி 'பூங்குழலி'யின் பெயர் வேண்டும் என்றார். இறால் கோல் மிக மெல்லியது. கைப்பிடிக்கு மேல் குறுக்களவு 6 மில்லிமீட்டர், சுற்றளவு ஏறத்தாழ 19. கோலைத் திருப்பாமல் வாசிக்க வேண்டுமானால் அதில் கால் பங்குதான் பயன்படும். ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. ஆங்கிலப் பெரிய எழுத்து அந்த உயரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். பூங்குழலியிலோ பூ, கு, ழ மூன்றும் கீழே இறங்குகின்றன. 'ங்'கின் புள்ளியும் 'லி'யின் மேல்விலங்கும் மேலே ஏறுகின்றன. நடு உடலுக்கு இரண்டு மில்லிமீட்டர்தான் மிஞ்சியது. நான்கு முறை எழுதி, ஈரம் காய்வதற்குள் பஞ்சால் துடைத்தேன். ஐந்தாம் முறை நின்றது. எழுத்துகளைச் சிறிதாக்குவதைவிட இடைவெளியை அதிகமாக்குவதே வழி என்று அந்தக் கோல்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. கோலின் நீளத்தில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

மதிப்பு குறையுமா என்றால், என்னிடம் வாங்குபவர்களில் பாதிக்கு மேல் மலாய்க்காரர்களும் சீனர்களும்தான். என் பெயர் தமிழில் இருப்பதற்காக ஒருவரும் விலையைக் குறைத்துக் கேட்டதில்லை. பத்து மாவுங் என்ற ஊரில் ஒரு மலாய்க்கார நண்பர் தம் பெயரை ஜாவியில், அதாவது மலாயை எழுதும் அரபு எழுத்தில், கேட்டார். தவறாக எழுதிவிடக் கூடாது என்று அவருடைய மாமாவை எழுதித் தரச் சொல்லி, அதைப் பார்த்து எழுதினேன். வாங்குபவரின் பெயரை எழுதினால் மறுவிற்பனைக்குச் சற்று இடைஞ்சல்தான்; அது எந்த மொழியில் எழுதினாலும் அப்படித்தான். கட்டியவரின் பெயருக்கு அந்தத் தொல்லை கிடையாது.

கடைசியாக, நான் கேட்கத் தவறிய ஒன்றை நீங்கள் தவறாமல் கேளுங்கள்: கோலைப் பிடிப்பது எந்தக் கை? வலக்கையில் பிடித்து மடியில் சாய்த்தால் நுனி இடப்பக்கம் இருக்கும் என்பதால், நுனியிலிருந்து கைப்பிடி நோக்கி எழுதுவது என் வழக்கம். பூங்குழலி இடக்கைக்காரி. பெரியவரோடு கோலை வாங்க வந்தவள், அதைக் கையில் எடுத்ததும் தன் பெயரைத் தலைகீழாகத்தான் பார்த்தாள். ஒரு வாரம் கொடுங்கள், அழித்து எழுதித் தருகிறேன் என்றேன். அவள் கோலை விடவில்லை.